பிரெஞ்சு இலக்கியமா, பிரெஞ்சுமொழி இலக்கியமா? அல்ஜீரியாவின் கதை

அல்பேர் கமு 1913 இல் கிழக்கு அல்ஜீரியாவில் மொந்தோவி என்ற சிற்றூரில் பிறந்தார். கதேப் யாசின் 1929 இல் அதே கிழக்கு அல்ஜீரியாவில், கொன்ஸ்தாந்தீன் நகரில் பிறந்தார். இரண்டு பேரும் பிரெஞ்சில்தான் நாவல் எழுதினார்கள். இரண்டு பேரின் பெயர்பெற்ற புத்தகங்களையும் பரிஸ் பதிப்பகங்கள்தான் வெளியிட்டன. ஆனால் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துப் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கோ. கமு ‘பிரெஞ்சு இலக்கியம்’ என்ற பகுதியில் வருவார். கதேப் ‘பிராங்கோபோன் இலக்கியம்’, அதாவது பிரெஞ்சுமொழி இலக்கியம் என்ற வேறொரு பகுதியில் வருவார். புத்தகக் கடையிலும் நூலகத்திலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான்.

பிரான்சுக்கு வெளியே பிறந்ததுதான் காரணமென்றால் கமுவும் வெளியேதான் பிறந்தார். தாய்மொழி வேறு என்பதுதான் காரணமென்றால் சாமுவேல் பெக்கெற் அயர்லாந்துக்காரர், இயூஜின் இயொனெஸ்கோ ருமேனியாவில் பிறந்தவர். இவர்களை யாரும் அந்த இரண்டாவது தட்டில் வைப்பதில்லை. அப்ப அந்தத் தட்டு எதைக்கொண்டு பிரிக்கப்பட்டது? மொழியை வைத்து அல்ல, ஆளை வைத்து என்றுதான் சொல்லோணும்.

‘பிராங்கோபோன்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒனெசிம் ரெக்லூ என்ற புவியியலாளர். 1880 இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘பிரான்சும் அல்ஜீரியாவும் குடியேற்ற நாடுகளும்’ என்றுதான் இருந்தது. உலகில் எத்தனை பேர் பிரெஞ்சு பேசுகிறார்கள், இனி எத்தனை பேரைப் பேசவைக்கலாம் என்று கணக்குப் பார்த்த மனிதர் அவர். இலக்கியத் துறையின் பெயராக மாறுவதற்கு முன்னர் அது ஒரு பேரரசின் கணக்கேட்டுச் சொல். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் அல்ஜீரிய எழுத்தாளர்களுக்குள் போகிறோம். செனகல், மார்த்தினிக், கியூபெக் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கதை உண்டு. ஒரே கட்டுரைக்குள் எல்லாரையும் அடைத்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. பிரான்சுக்கு ‘வெளியே’ என்ற சொல் அல்ஜீரியாவுக்குச் சரியாகப் பொருந்தாது. 1830 இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. 1848 இல் அல்ஜீரியா குடியேற்ற நாடு அல்ல, பிரான்சின் ஒரு பகுதியே என்று அறிவித்து அதை மூன்று மாவட்டங்களாகப் பிரித்தார்கள். சட்டப்படி அது பிரான்ஸ். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்த அரபு, பேர்பர் மக்கள் பிரான்சின் குடிமக்கள் அல்ல. குடிமக்களுக்குக் கீழே வைக்கப்பட்ட ‘பிரஜைகள்’. நிலம் பிரெஞ்சு, சனம் பிரெஞ்சு இல்லை. 1938 இல் வந்த ஓர் ஆணை அரபு மொழியை, அல்ஜீரியாவிலேயே, அந்நிய மொழி என்று வகைப்படுத்தியது. முஸ்லிம் பிள்ளைகளில் மிகச் சிறிய பங்கினர்தான் பிரெஞ்சுப் பாடசாலைக்குள் போகமுடிந்தது. அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் நாங்கள் சொல்லப்போகிற எழுத்தாளர்கள் எல்லாரும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மூலூத் ஃபெராவுன். கமு பிறந்த அதே 1913 இல் கபைல் மலைக் கிராமமொன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படித்து, ஆசிரியரானவர். 1950 இல் ‘ஏழையின் மகன்’ என்ற முதல் நாவலைத் தன் சொந்தக் காசில் அச்சடித்தார். 1951 இல் அவர் கமுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘கொள்ளைநோய்’ நாவல் முழுக்க முழுக்க ஒரான் நகரில் நடக்கிறது. அதில் உள்ளூர் மனிதர் ஒருவர்கூடப் பாத்திரமாக வரவில்லையே என்ற தன் வருத்தத்தை அதில் சொன்னார். சண்டை பிடிக்கிற கடிதம் இல்லை, மரியாதையான கடிதம்தான். அதனால்தான் அது கூடுதலாகச் சுடுகிறது. 1942 இல் வந்த ‘அந்நியன்’ நாவலிலும் இதே கதைதான். கடற்கரையில் மெர்சோ சுட்டுக் கொல்கிற மனிதன் ‘அரேபியன்’ மட்டுமே. அவனுக்குப் பெயர் இல்லை. கமு அரேபியர்களை வெறுத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. கபைல் பகுதியின் பட்டினியைப் பற்றி 1939 இலேயே பத்திரிகையில் தொடராக எழுதியவர் அவர். செய்தியில் கண்ட சனத்தை அவரால் நாவலுக்குள் கொண்டுவர முடியாமல் போனது, அவ்வளவுதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபெராவுன் போன்றவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

ஃபெராவுனின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1962 மார்ச் 15, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாக மூன்று நாள் இருந்தது. அல்ஜீரியா பிரான்சிடமே இருக்கவேண்டும் என்று ஆயுதம் தூக்கிய ஓஏஎஸ் குழு, கல்வி நிலையக் கூட்டமொன்றிலிருந்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெளியே கூட்டிச்சென்று சுவரோடு நிறுத்திச் சுட்டது. பிரெஞ்சு மொழியை நேசித்த, அந்த மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரை, பிரெஞ்சு அல்ஜீரியாவின் பெயராலேயே கொன்றார்கள். அதே குழு ஜூன் 7 ஆம் திகதி அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கும் தீ வைத்தது. லட்சக்கணக்கான புத்தகங்கள் எரிந்தன. எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஜூன் மாதம், நூலகம், சாம்பல். வருடம் மட்டும்தான் வேறு.

கதேப் யாசினின் கதை கொஞ்சம் நீளம். ‘கதேப்’ என்பது குடும்பப் பெயர். அரபில் அதற்கு எழுத்தாளன் என்றே அர்த்தம். பாடசாலை இடாப்பில் கூப்பிடுகிற மாதிரிக் குடும்பப் பெயரை முன்னுக்குப் போட்டு, கடைசிவரை அப்படியே கையெழுத்து வைத்தார். முதலில் குர்ஆன் பள்ளிக்குப் போன பிள்ளை. பிறகு தகப்பன் பிரெஞ்சுப் பாடசாலையில் கொண்டுபோய் விட்டார். அந்த முடிவைப் பற்றிக் கதேப் பின்னாளில் எழுதும்போது, ஓநாயின் வாய்க்குள் தன்னைப் போட்டதாகவே சொல்கிறார். அங்கே அவரைக் கூடுதலாக வருத்தியது தாயிடமிருந்து பிரிந்துபோனதுதான். வீட்டில் தாயோடு கதைத்த மொழி ஒன்று, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கித் தந்த மொழி வேறொன்று.

1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். செதிஃப் நகரில் வெற்றி ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி ஏறியது, சூடு விழுந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் சுமார் நூறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிதீர்க்க இராணுவமும் ஆயுதம் தாங்கிய குடியேறிகளும் பல வாரங்கள் கிராமங்களில் ஆடினார்கள். செத்தவர்கள் பல ஆயிரம் பேர். செதிஃபில் படித்துக்கொண்டிருந்த கதேப்புக்கு அப்போது பதினைந்து வயது. பிடித்து அடைத்தார்கள். மகன் செத்துவிட்டான் என்று நம்பிய தாய்க்கு மனநிலை குழம்பிப்போனது. அவர் வெளியே வந்தபோது பாடசாலையும் இல்லை, பழைய தாயும் இல்லை. தன்னுடைய சனத்தையும் கவிதையையும் தான் சிறையில்தான் கண்டுகொண்டதாகக் கதேப் பலதடவை சொல்லியிருக்கிறார்.

‘நெஜ்மா’ நாவல் 1956 இல், விடுதலைப் போரின் நடுவில் வந்தது. நெஜ்மா என்றால் நட்சத்திரம். ஒரு பெண், அவளைச் சுற்றி நான்கு இளைஞர்கள். கதை நேராகப் போகாது. ஒரு சம்பவத்தைச் சொல்லி, விட்டு, பின்னால் போய், திரும்ப அதே இடத்துக்கு வேறு வழியால் வரும். எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்ட முடியாமல் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள் என்பது உண்மை. தாண்டியவர்களுக்குத்தான் அதன் சுழற்சி பிடிபட்டது. நாங்கள் சொல்ல வருவது பதிப்பகம் செய்த வேலையைப் பற்றி. முன்னால் ஒரு குறிப்பு சேர்த்து, இந்தக் கதை வட்டமாகச் சுழல்வது அரபு மனம் காலத்தைப் பார்க்கிற விதத்தால் என்று விளக்கம் கொடுத்திருந்தார்கள். ஜோய்ஸையும் ஃபோக்னரையும் கரைத்துக் குடித்தவர் கதேப். ஃபோக்னர் காலத்தைக் கலைத்தால் அது புதுமை. கதேப் கலைத்தால் அது அவருடைய இனத்தின் குணம். புத்தகம் கடைக்கு வர முன்னரே அது எந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்று முடிவாகிவிட்டது.

(இதை வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு குறுகுறுப்பு. ‘ஈழத்து இலக்கியம்’, ‘மலையக இலக்கியம்’, ‘புலம்பெயர் இலக்கியம்’ என்று தட்டுகள் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ எழுதினால் அது வெறுமனே ‘தமிழ் இலக்கியம்’. இந்தப் பெயர்களில் சிலதை நாங்களே விரும்பிச் சூடியவை என்பதும் உண்மைதான். பெயர் ஒன்றுதான், யார் வைத்தது என்பதில்தான் வித்தியாசம்.)

1962 ஜூலையில் விடுதலை வந்தது. இனி எந்த மொழியில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். மாலெக் ஹதாத் பிரெஞ்சே தன்னுடைய நாடுகடத்தல் என்று சொன்னவர். நான்கு நாவல்கள் எழுதிய கை, விடுதலைக்குப் பின்னர் புதிய நாவல் எதையும் வெளியிடவில்லை. அரபில் எழுத அவருக்கு வராது, பிரெஞ்சில் எழுத மனம் வரவில்லை. கதேப் எதிர்ப்பக்கம் நின்றார். பிரெஞ்சு நாங்கள் போரில் கைப்பற்றிய பொருள், ஏன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். இன்றுவரை அல்ஜீரியாவில் மொழிச் சண்டை வரும்போதெல்லாம் இந்த வசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் அந்த வசனத்தோடு கதேப் நின்றுவிடவில்லை. இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அவர் பிரெஞ்சு நாவலை ஓரமாக வைத்துவிட்டு நாடகத்துக்குப் போனார். 1971 இல் ‘மொஹமட், பெட்டியைத் தூக்கு’ நாடகம் மேடையேறியது. பிரான்சுக்கு வேலைக்குப் போகிற அல்ஜீரியத் தொழிலாளியின் கதை. மொழி, தெருவில் கதைக்கிற அல்ஜீரிய அரபு. அரசு பாடசாலைகளில் புகுத்திக்கொண்டிருந்த இலக்கண அரபு அல்ல. ஏனென்றால் அந்த நேரம் ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஒரே நாடு, ஒரே மொழி என்ற காய்ச்சல். முதல் ஜனாதிபதி பென் பெல்லா விடுதலைக்கு முன்னரே நாங்கள் அரேபியர் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். 1963 அரசியலமைப்பு அரபை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது. படிப்பிக்கப் போதிய ஆட்கள் இல்லாமல் எகிப்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஆசிரியர்களை இறக்கினார்கள். வீட்டில் பேர்பர் மொழி பேசுகிற பிள்ளைக்கு அந்த அரபும் வெளியிலிருந்து வந்த ஒன்றுதான். வீட்டில் அல்ஜீரிய அரபு பேசுகிற பிள்ளைக்கே அது அரைவாசி விளங்காது. நூற்று முப்பது வருடம் ஒடுக்கப்பட்ட மொழியைத் தூக்கி நிறுத்துவது நியாயம்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அதை இன்னொரு மொழியின் கழுத்தில் நிறுத்தியதுதான் பிழை. 1956 இற்குப் பிறகு இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த இடம் புதிது இல்லை.

1980 மார்ச்சில், பிரெஞ்சு நாவலாசிரியரும் பேர்பர் மொழி ஆய்வாளருமான மூலூத் மம்மேரி பழைய கபைல் கவிதைகளைப் பற்றி திசி ஊசூ பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. அதிகாரிகள் தடுத்தார்கள். கவிதைகளைப் பற்றிய ஒரு விரிவுரையைத் தடுத்ததால் ஊரே தெருவுக்கு வந்தது. அதைத்தான் பேர்பர் வசந்தம் என்கிறார்கள். பேர்பர் மொழி தேசிய மொழியாக ஏற்கப்பட 2002 வரையும், ஆட்சிமொழியாக 2016 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அசியா ஜெபாரை நாங்கள் கடைசிக்கு வைத்திருந்தோம், ஏனென்றால் எங்களுக்கு அவரைத்தான் கூடப் பிடிக்கும். 1936 இல் ஷெர்ஷெல் என்ற கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தார். இயற்பெயர் ஃபத்மா சொஹ்ரா. தகப்பன் பிரெஞ்சுப் பாடசாலை ஆசிரியர். ‘காதல், ஃபன்தாசியா’ என்ற 1985 ஆம் ஆண்டு நாவல், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமி ஒருத்தி பாடசாலைக்குப் போகிற காட்சியோடு தொடங்குகிறது. கதேப்புக்கு ஓநாயின் வாயாக இருந்த பாடசாலை இந்தப் பிள்ளைக்கு வீட்டின் கதவைத் திறந்த இடம். அவரோடு ஓடி விளையாடிய சொந்தக்காரப் பெண்பிள்ளைகள் ஒரு வயதுக்குப் பிறகு வீட்டுக்குள் அடைக்கப்பட, அவர் மட்டும் வெளியே போனார். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது நாட்டைப் பிடித்தவனின் மொழி. இந்த முடிச்சை அவர் அவிழ்க்க முயலவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு எழுதினார்.

ஜெபார் வரலாறு படித்தவர், வரலாறு படிப்பித்தவர். அந்த நாவலுக்காக 1830 ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வந்த பிரெஞ்சு அதிகாரிகளின் கடிதங்களையும் அறிக்கைகளையும் தேடி வாசித்தார். 1845 ஜூனில் தஹ்ரா மலைக்குகைகளுக்குள் ஒளிந்திருந்த ஊலெத் ரியா குலத்தவரைக் கேணல் பெலிசியே புகையிட்டுக் கொன்றார். ஆண், பெண், பிள்ளை, ஆடு மாடு என்று நூற்றுக்கணக்கில் மூச்சுத்திணறிச் செத்தார்கள். பெலிசியே அதை விவரமாக அறிக்கை எழுதி அனுப்ப, பரிஸில் பெரிய சத்தம் எழுந்தது. இரண்டு மாதத்துக்குள் சென்-ஆர்னோ என்ற இன்னொரு கேணல் வேறொரு குகையில் அதையே செய்தார். அவர் கெட்டிக்காரர், உள்ளே ஐந்நூறு பேர் கிடப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தம்பிக்குக் கடிதத்தில் எழுதினாரே தவிர, அறிக்கையில் சத்தம் போடவில்லை. ஜெபார் கசப்போடு பெலிசியேக்கு நன்றி சொல்கிறார். கொலைகாரன் எழுதிவைத்தபடியால்தான் செத்தவர்களை அவரால் தேடிப்போக முடிந்தது. பிரெஞ்சு தெரியாவிட்டால் அந்தக் குகையின் வாசலுக்கே அவர் போயிருக்க முடியாது.

அறிக்கைகளுக்குப் பக்கத்தில் அவர் வைத்தது கிராமத்துப் பெண்களின் குரலை. 1960களின் முடிவிலிருந்து ஏறக்குறையப் பத்து வருடம் அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. கமெராவை எடுத்துக்கொண்டு ஷெனுவா மலைக்குப் போய், விடுதலைப் போரில் பட்டதைப் பெண்கள் தங்கள் மொழியில் சொல்லச் சொல்லப் பதிவுசெய்தார். அந்தப் படம் 1979 இல் வெனிஸில் பரிசு பெற்றது. பிறகு பிரெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது அவருடைய வசனம் மாறியிருந்தது. பேச்சு மொழியின் மூச்சு உள்ளே வந்திருந்தது. நாவலின் முடிவில் ஒரு கை வருகிறது. 1853 இல் லகுவாத் நகருக்குப் போன ஓவியர் ஃபுரொமொந்தான், போரில் துண்டாகி மண்ணில் கிடந்த பெயர் தெரியாத பெண்ணொருத்தியின் கையைக் கண்டெடுத்து, பிறகு எறிந்துவிடுகிறார். ஜெபார் அந்தக் கையைத் திரும்ப எடுத்து அதற்கு எழுதுகோல் பிடிக்கக் கொடுக்கிறார்.

2005 இல் அவரை பிரெஞ்சு அகாடமிக்குத் தெரிவுசெய்தார்கள். மக்ரெபிலிருந்து முதல் ஆள். அதே வருடம் பெப்ரவரியில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம், வட ஆபிரிக்காவில் பிரான்ஸ் இருந்ததன் நல்ல பக்கத்தைப் பாடசாலைகள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அடுத்த வருடம் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 2006 ஜூனில் அகாடமியின் பச்சைச் சட்டையோடு எழுந்து நின்ற ஜெபார், குடியேற்ற ஆட்சி ஒரு பெரிய காயம் என்று அந்த மண்டபத்துக்குள்ளேயே பேசினார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பேசின பிரெஞ்சில் மட்டும் ஒருவரும் குறை காணமுடியவில்லை.

அவர் தன் கடைசி வருடங்களில் படிப்பித்தது பிரான்சில் இல்லை. முதலில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2001 இலிருந்து நியூயோர்க் பல்கலைக்கழகத்தில். பிரான்சின் பல்கலைக்கழகங்கள் ஓரத்தில் வைத்த இந்த எழுத்துகளுக்கு அமெரிக்காவில்தான் பெரிய இடம் கிடைத்தது. ஆனால் அங்கேயும் துறையின் பெயர் ‘பிரெஞ்சும் பிராங்கோபோனும்’ என்று இரண்டாகத்தான் நிற்கும். 2007 மார்ச்சில் ‘லெ மொந்த்’ பத்திரிகையில் 44 எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கையொன்று வந்தது. பிராங்கோபோன் என்ற சொல் போதும், பிரெஞ்சில் ஓர் உலக இலக்கியம் என்று சொல்லுவோம் என்றார்கள். சொல் போகவில்லை. இதற்கிடையில், பிரெஞ்சு பேசுவோர் எண்ணிக்கையில் மேலே நிற்கிற நாடுகளில் ஒன்றான அல்ஜீரியா, பிராங்கோபோன் நாடுகளின் சர்வதேச அமைப்பில் உறுப்பினராக இல்லை. 2022 இலிருந்து ஆரம்பப் பாடசாலையிலேயே ஆங்கிலத்தையும் படிப்பிக்கத் தொடங்கிவிட்டது.

உயிர் விலை தனியாக இருந்தது. 1990களின் உள்நாட்டுப் போரில் எழுத்தாளர்களையும் பத்திரிகைக்காரர்களையும் தேடித்தேடிச் சுட்டார்கள். நாவலாசிரியர் தாஹர் ஜாவூட் 1993 மே 26 இல் அல்ஜியர்ஸில் வீட்டுக்கு வெளியே சுடப்பட்டு, ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். 39 வயது.

அந்தக் காலத்தைப் பத்திரிகையாளராகக் கடந்து வந்தவர்களில் ஒருவர் கமெல் தாவூத். 2013 இல் அவருடைய முதல் நாவல் அல்ஜியர்ஸிலேயே வெளியானது, பிரான்ஸ் பதிப்பு அடுத்த வருடம்தான் வந்தது. ‘அந்நியன்’ நாவலில் செத்துப்போன அந்த அரேபியனின் தம்பி ஹாரூன், வயதான காலத்தில் ஒரானில் ஒரு மதுச்சாலையில் இருந்து கதை சொல்கிறான். அண்ணனின் பெயர் மூசா என்று எழுபது வருடம் கழித்து வாசகருக்குத் தெரியவருகிறது. கொலைகாரன் புகழ்பெற்ற மொழியைத் தானும் படித்து, அதே மொழியில் அண்ணனுக்காகக் கதைக்க வேண்டும் என்பது ஹாரூனின் பிடிவாதம். தாவூத் 2024 இல் வேறொரு நாவலுக்குக் கோன்கூர் பரிசு வாங்கினார். அந்த இலையுதிர் காலத்திலேயே அல்ஜியர்ஸ் புத்தகக் கண்காட்சிக்கு அவருடைய பரிஸ் பதிப்பகத்தை வர விடவில்லை. அவருடைய அரசியலோடு எங்களில் சிலருக்குச் சண்டை இருக்கு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கமுவின் ‘அந்நியன்’, தாவூத்தின் ‘மெர்சோ: மறுவிசாரணை’ இரண்டும் தமிழில் இருக்கின்றன. இரண்டையும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தவர் வெ. ஸ்ரீராம்தான். எங்கள் புத்தகக் கடைகளில் இரண்டும் ‘மொழிபெயர்ப்பு நாவல்’ என்ற ஒரே தட்டில்தான் கிடக்கும். கமுவை முதலில் எடுங்கோ, முடித்த கையோடு தாவூத்தை எடுங்கோ. இடையில் நாள் விட்டால் கடற்கரை மறந்துபோகும்.